மறுபக்கம் அடிக்காத ஷீட்டு

அண்ணாச்சி, அந்தக் கால மட்டும் கொஞ்சம் இழுத்துக்கிருங்க. கீழ பை இருக்கு. மிதிச்சாலும் பெருசா ஒண்ணுமில்ல, சட்னியாப் போயிரும், அவ்வளவுதான். ஸ்ட்ராபெரி. மேல வைக்கலாம்னா இந்தப் பஸ்ஸுல மேல வைக்கிற சாமான்லாம் வளைவுக்கு வளைவு ஆளு மாறுது. மடியில வச்சா உடம்புச் சூடு. அதான் கீழ வச்சேன்.

நான் நிலக்கோட்டை. நீங்க? மதுரையா. அப்ப நான் முன்னாடியே இறங்கிருவேன்.

கொடைக்கானல் நல்லாச் சுத்திப் பாத்தீங்களான்னு கேக்குறீங்க. ஏரி இருக்குன்னு தெரியும். காலைல வந்து இறங்குனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதித்தாப்புல ஒரு அம்மா தட்டுல வச்சிருந்துச்சு. வாங்குனேன், டீ குடிச்சேன், இந்த வண்டில ஏறிட்டேன். குளிருச்சு. நாளைக்கு யாராச்சும் கேட்டா அதச் சொல்லலாம், குளிருச்சுன்னு.

இதுக்காகவா மலையேறி வந்தீங்கன்னு நீங்க கேக்கல, ஆனா மூஞ்சில தெரியுது. மதுரைல பெரிய பழக்கடைல கிடைக்குதாம். அது பிரிட்ஜுப் பழம். இது அப்படி இருக்கக் கூடாது. மண்ணுல இருந்து நேரா வரணும். கதைல அப்படித்தான் வருது.

சொல்றேன். வத்தலக்குண்டு வரைக்கும் எப்படியும் மலை இறங்கணும்ல.

எனக்கு சிவகாசி. பேரு காளிராஜ். சிவகாசின்னு சொன்னதும் எல்லாரும் முதல்ல கையப் பாக்காங்க, விரலெல்லாம் சரியா இருக்கான்னு. இருக்கு. நான் பட்டாசு இல்ல, அச்சாபீஸு. கலர் மெஷின் ஓட்டுறேன். காலண்டர், நோட்டு அட்டை, தீப்பெட்டி லேபிளு, பிள்ளைங்க புத்தகம், எது வந்தாலும்.

என் வீட்டுக்காரி முனீஸ்வரி நிலக்கோட்டைல அவ அக்கா வீட்ல இருக்கா. என் பிள்ளையும் அங்கதான். ஒண்ணாப்பு. பேரு வர்ணிகா. கலர் மெஷின்ல நிக்கிறவன் பிள்ளைக்கு வேற என்ன பேரு வைக்கிறது. ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். இன்னைக்கு ஞாயித்துக்கெழம, மெஷினுக்கும் லீவு. சாயங்காலம் மூணு பேரா ஊருக்குத் திரும்பிருவோம். வீட்டக் கூட்டிப் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.

பிள்ளைய அங்க பள்ளிக்கூடத்துல சேத்துட்டாங்க. தற்காலிகமாத்தான். யூனிபார்ம் கூட எடுத்தாச்சாம். வளர்ற பிள்ளை, நாலு மாசத்துல சின்னதாப் போகும். வீண் செலவு. நான் ஒண்ணும் சொல்லிக்கல.

கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களான்னு கேக்குறீங்க. கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தா நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன் அண்ணாச்சி. கோவத்துல போறவ கதவ ஒரு சாத்துச் சாத்துவா, தெருவுக்கே கேக்கும். நாமளும் பின்னாலயே போயி ரெண்டு சத்தம் போடலாம். இவ மெதுவாச் சாத்துனா. அரிசிப்பானைய மூடி வச்சா, கேஸ அடச்சா, கொடில கிடந்த என் சட்டைய எடுத்து மடிச்சு வச்சா. எல்லாம் முறையாச் செஞ்சா. ஒண்ணத்தத் தவிர. வர்றேன்னு சொல்லல.

எனக்கு மனசுல நிக்கிறது அந்த ஒண்ணுதான். கடைக்குப் போனா வர்றேன்னு சொல்றோம். குழாயடிக்குப் போனா இந்தா வர்றேன்னு சொல்றோம். வரவே கூடாதுன்னு நாம சாமி கும்புடுற ஆளு கூட எந்திரிக்கும்போது வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போறான். சொல்லிக்காம எந்திரிச்சுப் போறது எங்க? எழவு வீட்ல. எழவு வீட்டுலதான் யார்கிட்டயும் சொல்லிக்காமச் செருப்பத் தேடி மாட்டிட்டுக் கிளம்புவோம். நான் சேர்ல முழுசா உக்காந்திருக்கேன், உசுரோட. கைல டீ கிளாஸ் வேற. என்ன எழவுக்கு வந்துட்டு இவ சொல்லாமப் போறான்னு யோசிச்சேன். யோசிக்கும்போதே குழாய்ல தண்ணி வந்துருச்சு. எங்க தெருவுல எப்பவாச்சும்தான் வரும். பிடிச்சு வச்சேன்.

நல்லாத்தான் இருக்கேன் அண்ணாச்சி. சாப்புடுறேன், தூங்குறேன். வாயில எதப் போட்டாலும் ஒரே ருசியா இருக்கு. அதும் ஒரு வகைல வசதிதான், உப்பு கூடுனாலும் குறைஞ்சாலும் தெரியல.

கதைக்கு வர்றேன்.

தை மாசம் எங்களுக்குக் காலண்டர் வேலை ஓஞ்சிரும். அந்த நேரத்துல பிள்ளைங்க புத்தகம் வரும். அப்படி ஒண்ணு வந்துச்சு. அட்டைல, செரோக்கி மக்கள் சொல்லும் கதைன்னு போட்டிருந்துச்சு. நான் செரோக்கின்னா ஏதோ காரு பேருன்னு நெனச்சேன். எங்க ஃபோர்மேன்தான் சொன்னாரு, அமெரிக்காவுல வெள்ளக்காரன் போயி இறங்குறதுக்கு முன்னாடியே அங்க குடியிருந்த சனங்கடான்னு. அவங்க பிள்ளைங்களுக்குச் சொல்ற கதை. அதத் தமிழ்ல போட்டு எங்க ஊர்ல அடிக்கிறாங்க. எங்க ஊர்ல எதத்தான் அடிக்கல.

எங்க வேலைல படிக்கிறது கிடையாது அண்ணாச்சி. பாக்கிறதுதான். எழுத்துன்னா எங்களுக்குக் கருப்பு. கருப்பு சரியா விழுதா, சிவப்பு தூக்கலா இருக்கா, கலரு கலரு மேல சரியா உக்காருதா, அவ்வளவுதான். ஒரு தடவ ஒரு கல்யாணப் பத்திரிகைல பொண்ணு பேரு இருக்க வேண்டிய எடத்துலயும் மாப்பிள்ள பேரே விழுந்திருச்சு. அத்தனையும் அடிச்சுக் கட்டுக் கட்டி அனுப்பியாச்சு. எவனும் பாக்கல. கலர் நல்லா இருந்துச்சு.

படிக்கத் தெரியாம இல்ல. நைட் ஸ்கூல்ல பத்தாவது பாஸ் பண்ணவன் நான். பகல்ல மெஷினு, ராத்திரி படிப்பு. முனீஸ்வரி ஒம்பதோட நின்னவ. அத நான் சொல்லிக் காட்டுறதில்ல. தேவப்படும்போது மட்டும்தான் சொல்வேன்.

இந்தப் புத்தகத்த எப்படிப் படிச்சேன்னா, வேஸ்ட் ஷீட்ல படிச்சேன். கலர் சரி பண்றதுக்கு முதல்ல கொஞ்சம் ஷீட்ட ஓட்டுவோம். அது வேஸ்ட்டு. ஒரு பக்கம் அச்சு இருக்கும், மறுபக்கம் வெள்ளையா இருக்கும். பிள்ளைக்குப் படம் வரைய ஆகும்னு ஒரு கட்டு வீட்டுக்குக் கொண்டாந்தேன்.

நீங்க அச்சடிச்ச ஷீட்டு பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க, எல்லாரும் புத்தகத்தத்தான் பாக்காங்க. பெரிய தாளு. பாதிப் பக்கம் இந்தப் பக்கம் இருக்கும், பாதிப் பக்கம் பின்னால இருக்கும். வரிசையாவும் இருக்காது. முத பக்கத்துக்கு ஒட்டுனாப்புல கடைசிப் பக்கம் இருக்கும். ரெண்டும் மூணும், ஆறும் ஏழும் பின்னால போயிரும். நாலும் அஞ்சும் முன்னால இருக்கும், அதுவும் தலைகீழா. மடிச்சு வெட்டுனாத்தான் வரிசைக்கு வரும். மடிக்கிற வேலை பைண்டிங்ல இருக்கிற பொம்பளைங்க பாப்பாங்க. முனீஸ்வரி அங்கதான் இருந்தா. நான் அடிப்பேன், அவ மடிப்பா. எங்க கல்யாணமே அப்படித்தான் நடந்துச்சு.

இந்த ஷீட்டுக்கு முன்பக்கம் நான் அடிச்சேன். மறுபக்கம் அடுத்த ஷிப்ட்டுக்காரன் அடிச்சான். அதனால என்கிட்ட இருக்கிறது முன்பக்கம்தான். ஆனா கதை புரிஞ்சிருச்சு. பத்தாவது படிச்சவனுக்கு இது என்ன பெரிய விசயமா.

இப்பச் சொல்றேன் கேளுங்க. பிள்ளைக்குச் சொல்ற மாதிரிதான் சொல்வேன், வேற மாதிரி எனக்கு வராது.

உலகம் புதுசா அடிச்சு வச்ச காலம். இன்னும் ஈரம் காயல. தொட்டா கைல ஒட்டும். அப்ப ஒரு முத ஆம்பள இருந்தான், ஒரு முத பொம்பள இருந்தா. வேற ஆளே கிடையாது. பக்கத்து வீடு கிடையாது, மாமியா கிடையாது. சின்னக் குடிசை. ரெண்டு பேரும் சந்தோசமா இருந்தாங்க. அது முத பக்கம்.

அப்புறம் அந்தப் பொம்பள எந்திரிச்சு நடந்தா. சூரியன் உதிக்கிற திசையப் பாத்து நடந்தா. திரும்பியே பாக்கல. டங்கு டங்குன்னு நடந்தா. ஆம்பள பின்னாலயே போனான். ஏய் நில்லுன்னான். நிக்கல. அவ காலு வேகம், இவன் காலு மெதுவு. அவ ஒரு மேட்டுல ஏறுனா இவன் இந்தப் பள்ளத்துல இறங்குறான். அவ தலை மட்டும் தெரியுது. அப்புறம் கொண்டை மட்டும் தெரியுது. அப்புறம் அதுவும் தெரியல.

இந்த எடத்துல வர்ணிகா கேப்பா, "ஏம்ப்பா அவ எந்திரிச்சு நடந்தா?"ன்னு. "பொம்பளைங்க அப்படித்தான்டா, திடீர்னு கிளம்பிருவாங்க"ன்னு சொல்வேன். நாலாம் பக்கத்துல அவ நடந்துக்கிட்டிருக்கா. அது அச்சுல இருக்கு. ரெண்டும் மூணும் என் ஷீட்ல இல்ல. ரெண்டு பக்கத்துல என்ன பெருசா நடந்திருக்கப் போகுது?

அவ போற பாதைல ஒரு செடி முளைச்சுச்சு. செடி பூராம் கருநீலமாப் பழம், நம்ம களாப்பழம் மாதிரி. அவ பாக்கல, தாண்டிப் போயிட்டா. கொஞ்ச தூரத்துல முள்ளுச்செடி, அதுல கொத்துக் கொத்தாக் கருப்புப் பழம். முந்தானைல முள்ளு மாட்டுச்சு. உருவிட்டு நடந்தா. அப்புறம் ஒரு மரமே நின்னுச்சு, மரம் பூராம் சிவப்பு. அண்ணாந்து பாத்தா. பாத்துட்டு நடந்தா.

அப்புறம் பாத்தா காலுக்குக் கீழ ஒரு பழம். தரையோட தரையா. சிவப்பா, மேல பச்சத் தொப்பி போட்டு, ஒடம்பெல்லாம் புள்ளி வச்சு. புத்தகத்துல செம்புற்றுப்பழம்னு போட்டிருந்துச்சு. புத்துன்னதும் வர்ணிகா, "அதுக்குள்ள பாம்பு இருக்குமா?"ன்னு கேட்டா. இருக்காதுன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள கதையே நின்னு போச்சு. பிறகு நான் ஸ்ட்ராபெரின்னே மாத்திக்கிட்டேன். அது அவளுக்குத் தெரியும், ஐஸ்கிரீம்ல வரும்.

அந்த வாசனைக்கு அவ நின்னுட்டா. குனிஞ்சு ஒண்ணப் பறிச்சுத் தின்னா. அவ்வளவு நேரம் நடந்தவ அப்பத்தான் நின்னா. கடைசிப் பக்கத்துல ரெண்டு பேரும் கை நிறையப் பழத்தோட வீட்டுக்குத் திரும்பி வர்றாங்க. அந்தச் சிவப்பு எனக்கு ரொம்ப நேரம் எடுத்துச்சு. மெஜந்தாவக் கூட்டுனா ரத்தம் மாதிரி இருக்கு, மஞ்சளக் கூட்டுனா தக்காளி மாதிரி இருக்கு. ஒரு வழியா நடுவுல பிடிச்சேன். ஃபோர்மேன் பாத்துட்டு, காளி, நக்கிப் பாக்கலாம் போல இருக்குடான்னாரு.

இதான் கதை. ஆம்பள பின்னாலயே போனான். பழம் முளைச்சுச்சு. பொம்பள நின்னா. வீட்டுக்கு வந்தாங்க. ரொம்ப நேரான கதை. அதான் பழம் வாங்குனேன்.

முன் சீட்ல அந்தப் பிள்ளை வாந்தி எடுக்கப் போகுது போல. சன்னலத் திறந்து விடச் சொல்லுங்க. எலுமிச்சம்பழம் வச்சிருக்காங்களா? சரி, வச்சிருக்காங்க.

என்ன கேட்டீங்க? சண்டை எதுக்கா? சண்டையே இல்லன்னுதான சொல்றேன். ஒரே ஒரு வார்த்தை. அதும் சிரிச்சுக்கிட்டே சொன்னது.

அன்னைக்கு எனக்குக் காலை ஷிப்ட்டு. ரெண்டு மணிக்கு முடிஞ்சு வீட்டுக்கு வர்றேன். பசி. கதவு பூட்டிக் கிடக்கு. இவளுக்கு அன்னைக்கு மடிக்கிற வேலை இல்ல, வீட்லதான் இருக்கணும். பக்கத்து வீட்ல கேட்டா, அங்கன்வாடிக்குப் போயிருக்கான்னாங்க. எங்க பிள்ளை அங்கன்வாடி வயசு தாண்டிருச்சு, இவளுக்கு அங்க என்ன சோலி? போய்ப் பாக்கிறேன். டீச்சர் ஓரமா உக்காந்திருக்கு. இவ நடுவுல சம்மணம் போட்டு உக்காந்து, பைண்டிங்ல மடிச்ச புத்தகத்த விரிச்சு வச்சுக் கதை சொல்லிக்கிட்டிருக்கா. பொடிசுங்க பூராம் வாயப் பிளந்து பாக்குதுங்க. ஒண்ணு இவ தலைல பூவு வச்சு விடுது. கடைப்பூ இல்ல, வேலியோரம் கிடக்கிற பூவு. என் பசி அவளுக்கு எப்படித் தெரியும். நான் வாசல்ல நிக்கிறதே தெரியல. கையெல்லாம் ஆட்டி, குரல மாத்தி மாத்திப் பேசுறா. வீட்ல அப்படிப் பேசி நான் கேட்டதில்ல.

நான் சொன்னேன், "ஏய், நீ மடிக்கிறவ. படிக்கிறவ மாதிரி உக்காந்திருக்க"ன்னு.

அவ்வளவுதான். எதுகையா வந்து விழுந்திருச்சு, நான் என்ன பண்ண. பிள்ளைங்களக் கூப்பிட வந்த நாலஞ்சு பொம்பளைங்க சிரிச்சாங்க. சிரிக்கிற மாதிரிதான் நானும் சொன்னேன். டீச்சர் மட்டும் சிரிக்கல, அது எப்பவுமே சிரிக்காது.

முனீஸ்வரி புத்தகத்த மூடுனா. மீதிக் கதைன்னு ஒரு பொடிசு கேட்டுச்சு. நாளைக்கின்னு சொன்னா. தலைல இருந்த பூவ எடுத்து அந்தப் பிள்ளை கைலயே குடுத்துட்டு வந்தா. வீட்டுக்கு வந்து உலை வச்சா, சோறு போட்டா. ரசம் நல்லா இருந்துச்சு. ரசம் நல்லா இருக்குன்னு சொன்னேன் வேற. அப்படியிருக்க, அதுல என்ன கோவம் இருக்க முடியும்? மறுநாள் கிளம்பிட்டா.

பிறகு போன்ல பேசிக்கிறோம். அவகூட இல்ல, வர்ணிகாகூட. சாப்பிட்டியா, படிச்சியா, அப்புறம் அந்தக் கதையச் சொல்லுப்பான்னு கேக்கும். சொல்வேன். நான் சொல்லச் சொல்ல, ஒரு நாளு பிள்ளை, "அப்பா, நீ பாதிக் கதைதான் சொல்ற"ன்னு சொன்னா.

"என்ன பாதி?"

"சூரியன விட்டுட்ட."

"சூரியன் மேல படத்துல இருக்குமே."

"படத்துல இல்லப்பா. சூரியன் பேசும். அம்மா சொல்லும்போது பேசும்."

சரி சொல்லுன்னேன். சொன்னா. அந்த முத ஆம்பள வேட்டைக்குப் போயிட்டுப் பசியோட வீட்டுக்கு வந்தானாம். அவ சமைக்காமப் பூப் பறிச்சுக்கிட்டு இருந்தாளாம். எல்லாருக்கும் முன்னால வச்சு அசிங்கமாப் பேசிட்டானாம். எல்லாருன்னா யாரு, உலகத்துலயே ரெண்டு பேருதானன்னு நான் கேட்டேன். பிள்ளை யோசிச்சுட்டு, மான் முயல் எல்லாம் இருந்துச்சுப்பான்னு சொல்றா. பாத்தீங்களா, எவ்வளவு வெவரம். அதுக்குத்தான் அந்தப் பொம்பள எந்திரிச்சு நடந்தாளாம். இவன் பின்னால ஓடுறான். அப்பச் சூரியன் இவனப் பாத்துக் கேக்குமாம், "உனக்கு இன்னும் கோவம் இருக்கா?"ன்னு. "இல்ல"ன்னு சொல்வானாம். "அவ திரும்பி வரணுமா?"ன்னு கேக்குமாம். "வரணும்"பானாம். அவன் அப்படிச் சொன்ன பிறகுதான் சூரியன் பழத்த முளைக்க விடுமாம். கடைசில அவ நின்ன பிறகு அவன் கிட்ட வந்து, "நான் பேசுனது தப்பு"ன்னு சொல்வானாம். அவ ஒரு பழத்த அவன் வாயில குடுப்பாளாம்.

பிள்ளைக்குப் பிடிக்கணும்னு முனீஸ்வரி அவளா சேத்துச் சொல்லிருக்கா. அவளுக்கு அந்த விசயத்துல கை தாராளம். குழம்புக்கும் அப்படித்தான், ஒண்ணு கேட்டா நாலு போடுவா.

புத்தகத்த எடுத்துப் பாக்கலாமேன்னு சொல்றீங்க. பாக்கலாம். குடோன்ல கட்டுக்கட்டா அடுக்கி இருந்துச்சு. அதுக்குள்ள ஊறுகா லேபிள் வேலை வந்துருச்சு. ஊறுகால எண்ணெய் பளபளன்னு தெரியணும்னு பார்ட்டி நிக்கான், நான் சூரியன் பேசுச்சா பேசலையான்னு பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? பிறகு கட்டு எல்லாம் லாரி ஏறிப் போயிருச்சு.

இப்ப அவ அங்க மல்லிகைத் தோட்டத்துக்குப் போறாளாம். விடியும் முன்ன கிளம்பி மொட்டுப் பறிக்கப் போகணும். நிலக்கோட்டைப் பக்கம் பூராம் அதுதான வேலை. சாயங்காலம் தோட்டத்துல வேலை பாக்கிறவங்க பிள்ளைங்களுக்குக் கதை சொல்றாளாம். வர்ணிகாதான் சொன்னா. "அம்மாவ எல்லாரும் கதையக்கான்னு கூப்புடுறாங்கப்பா"ன்னு. நல்லதுதான். பொழுது போகணும்ல, இன்னைக்கு வரைக்கும்.

வத்தலக்குண்டு வந்துட்டோமா? சூடு தெரியுது பாருங்க, மேல கம்பளி கேட்ட உடம்பு இங்க விசிறி கேக்குது. இருங்க, பைய ஒரு தடவ பாத்துக்கிறேன். அடில கொஞ்சம் நசுங்கிருக்கு. இதத் தனியா எடுத்துருவோம், சேந்து கிடந்தா நல்லதும் கெட்டுரும். இந்தாங்க, நீங்க ரெண்டு சாப்பிடுங்க. சும்மா சாப்பிடுங்க அண்ணாச்சி. எப்படி இருக்கு? புளிக்குதா? நான் கொடைக்கானல்லயே ஒண்ணு தின்னேன். எனக்குத் தெரியல. நீங்க சொல்றதுதான் கணக்கு. புளிப்பும் இனிப்புமா. சரி, அப்ப நல்ல பழம்தான்.

ஒரு நிமிசம், போன் வருது. அவ அக்கா நம்பரு. வர்ணிகாவாத்தான் இருக்கும்.

"சொல்லுடா. ஆமா, வந்துக்கிட்டே இருக்கேன். வத்தலக்குண்டு தாண்டிட்டேன். சாப்பிட்டியா? நான் என்ன கொண்டாறேன்னு சொல்லு பாப்போம். இல்ல. அல்வா இல்ல. ஸ்ட்ராபெரி. நெசம்தான், கதைல வர்றதுதான். ஐஸ்கிரீம் இல்லடா, பழம். அம்மாவுக்கு. உனக்கும்தான். என்ன? சத்தமாப் பேசு, பஸ்ஸுல இருக்கேன். என்ன கேக்குற? யாருக்குக் கோவம்? எனக்கா? எனக்கென்னடா கோவம். கோவமே கிடையாது. உங்கம்மாட்டக் கேளு, அவ ஒரு வார்த்த சொல்லாமக் கிளம்பி வந்தாளே, அது தப்புன்னு அவ வாயால ஒரே ஒரு தடவ சொல்லச் சொல்லு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் ஒண்ணுமே பேச மாட்டேன். பக்கத்துலதான இருக்கா? சொல்லு, அப்பா இப்படிச் சொல்றாருன்னு சொல்லு. நான் லைன்ல இருக்கேன்."

பக்கத்துலதான் இருக்கா. பாத்திரம் விளக்குற சத்தம் கேக்குது. பிள்ளை சொல்லுது. இருங்க.

"சொல்லுடா. என்ன சொன்னா? திருப்பிச் சொல்லு. சரி. சரிடா. வச்சுரு. வந்துருவேன்."

கேட்டீங்களா? உங்களுக்கு எங்க கேட்டிருக்கும். "வந்தா சாப்பிட்டுப் போகச் சொல்லு"ன்னு சொன்னாளாம். பிள்ளை ஒப்பிச்ச மாதிரி அப்படியே சொல்றா. சாப்பிடச் சொல்லிருக்கா அண்ணாச்சி. கோவம் இருந்தா சாப்பிடச் சொல்வாளா? இத்தன நாளு பிள்ளைகிட்டக் கூட எனக்குன்னு ஒரு வார்த்த சொல்லிவிடல. இன்னைக்கு அவளாச் சாப்பிடுன்னு சொல்லிருக்கா. பாத்திரம் விளக்குறது கூட எனக்காகத்தான் இருக்கும், சமைக்கணும்ல.

ஏன் அப்படிப் பாக்கீங்க?

இல்ல, போகச் சொல்லுன்னா, ஊருக்குப் போகச் சொல்றது. போய்த்தான ஆகணும். நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட்டு இருக்கு. அங்க தங்க முடியாதுல்ல, சின்ன வீடு. சாப்பிட்டுட்டு மூணு பேரும் போறது. அதத்தான் சுருக்கிச் சொல்லிருக்கா. அவ போன்ல சுருக்கமாத்தான் பேசுவா. விருந்தாளிக்குச் சொல்ற மாதிரி இருக்குன்னு நீங்க நினைக்கலாம். உங்களுக்கு எங்க ஊருப் பேச்சு பழகல. நாங்க வீட்டு ஆளுங்களுக்கும் அப்படித்தான் சொல்வோம். சொல்வோமா? சொல்வோம்னுதான் நினைக்கிறேன்.

பூ வாசன வருது. அப்ப நிலக்கோட்டை வந்துருச்சு. ரோட்டோரம் பூராம் தோட்டம்தான் பாருங்க. அந்தா பொம்பளைங்க போறாங்க. இவ இல்ல, இவ வீட்ல இருக்கா.

நான் எந்திரிக்கிறேன். நீங்க சன்னல் பக்கம் நகந்துக்கிருங்க. கண்டக்டர் சார், நிலக்கோட்டை இறங்கணும். சாயங்காலம் மதுரைக்கு இங்க இருந்து வண்டி எப்ப இருக்கு?

என்ன சொல்றாரு? ஞாயித்துக்கெழம கூட்டம் இருக்குமாம். ஒத்தையாளுன்னா எந்த வண்டிலயும் நின்னுக்கிட்டே போயிரலாமாம். குடும்பத்தோடன்னா முன்னாடியே வந்து எடம் பிடிக்கணுமாம். எத்தன பேருன்னு கேக்குறாரு.

நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. நான் குனிஞ்சு பைய எடுத்துக்கிறேன், அடில இன்னும் நசுங்கிரக் கூடாது. மூணு பேருன்னு நீங்க சொல்லுங்க. அவரு அங்கிட்டுத் திரும்புறதுக்குள்ள சொல்லுங்க.